இடறும் துடிப்பு, தொடரும் அச்சம்

வளர்ந்த ஒருவரின் இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அத்தனையும் ஒரே சீராக விழுவதில்லை. இடையிடையே ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வரும். அதையடுத்துச் சிறு இடைவெளி. பிறகு ஓங்கி ஒரு துடிப்பு. மருத்துவர்கள் இதை ‘எக்டோபிக்’ என்கிறார்கள். இதயத்தின் கீழறையிலிருந்து கிளம்பினால் ‘வி.பி.சி.’ என்றும், மேலறையிலிருந்து கிளம்பினால் ‘ஏ.பி.சி.’ என்றும் அறிக்கையில் எழுதுகிறார்கள். இதய நோய் இல்லாதவர்களுக்கு ஓரிரு நாள் தொடர்ந்து இ.சி.ஜி. பதிவு செய்து பார்த்தால், 40 முதல் 75 சதவீதம் பேரிடம் வி.பி.சி. தென்படுகிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று நடப்பதே தெரியாது.

சிலருக்குத் தெரிந்துவிடுகிறது. நெஞ்சுக்குள் ஏதோ புரண்டது, ஒரு துடிப்பு விட்டுப்போனது, தொண்டைக்குழியில் வந்து இடித்தது, திடுக்கென்று தூக்கிப்போட்டது என்று பலவிதமாகச் சொல்கிறார்கள். இதயம் நின்றுவிடுமோ என்ற பயம் அந்த நொடியிலேயே பிறக்கிறது. பரிசோதனைகள் முடிந்து, இதயம் நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகும் அந்தப் பயம் பலருக்குப் போவதில்லை. அதற்கும் சிகிச்சை தேவை என்பதை மருத்துவ உலகம் இன்னும் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை.

இரண்டு நொடிக்குள் நடப்பது

இதயத் துடிப்புக்கான மின்தூண்டல் வலது மேலறையில் உள்ள சைனஸ் முடிச்சில் உருவாகிறது. ஆர்தர் கீத், மார்ட்டின் ஃப்ளாக் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1907இல் இதைக் கண்டறிந்து எழுதினார்கள். அங்கிருந்து புறப்படும் தூண்டல் மேலறைகளில் பரவி, இடையில் உள்ள ஏ.வி. முடிச்சைக் கடந்து, கீழறைகளை அடைகிறது. கீழறைகள் சுருங்கி ரத்தத்தை வெளியே தள்ளுகின்றன. சைனஸ் முடிச்சுக்கு மட்டும்தான் தூண்டலை உருவாக்கும் ஆற்றல் உண்டு என்பதில்லை. இதயத்தின் வேறு பகுதிகளுக்கும் அது உண்டு. முறை வருவதற்கு முன்பே அவற்றில் ஒன்று தூண்டலை எழுப்பிவிட்டால், அதுவே முந்துதுடிப்பு.

நாடி நிமிடத்துக்கு 75 என்று வைத்துக்கொண்டால், ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 0.8 நொடி இருக்கும். கீழறை 0.5 நொடியிலேயே முந்திக்கொண்டு துடித்தால், அதற்குள் போதுமான ரத்தம் வந்து நிரம்பியிருக்காது. இருக்கும் கொஞ்ச ரத்தத்தைத்தான் அந்தத் துடிப்பு தள்ளும். மணிக்கட்டில் விரல் வைத்திருப்பவருக்கு அது எட்டாமலே போகலாம். நாடி ஒன்று தவறியதுபோல் தோன்றும். அடுத்து வரவேண்டிய வழக்கமான தூண்டலைக் கீழறை ஏற்கும் நிலையில் இருக்காது. அதனால் அது வீணாகி, அதற்கும் அடுத்த தூண்டலுக்குத்தான் இதயம் துடிக்கும். முந்தைய இயல்பான துடிப்பிலிருந்து 1.6 நொடி கழித்து அது வரும். இந்த நீண்ட இடைவெளியில் கீழறை நன்றாக நிரம்பிவிடுவதால் சுருக்கமும் வழக்கத்தைவிட வலுவாக இருக்கும். நெஞ்சில் ‘தொம்’ என்று இடிப்பது பெரும்பாலும் இந்தத் துடிப்புதான். பயத்தைக் கிளப்பும் அந்த இடி, இதயம் தன் சீருக்குத் திரும்பிவிட்டதன் அடையாளம்.

இளைஞர்களிடம் காணப்படும் வேறொரு மாற்றமும் வீண் கவலையைத் தருவதுண்டு. மூச்சை இழுக்கும்போது நாடி சற்று விரைவதும், விடும்போது தணிவதும் இயல்பு. ஆரோக்கியமான நரம்புக் கட்டுப்பாட்டின் விளைவு அது, நோயல்ல.

ஆபத்தில்லை என்று தெரிந்த வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை சீரற்ற நாடி என்றாலே மருத்துவர்கள் அஞ்சினார்கள். இங்கிலாந்தின் பர்ன்லி நகரில் பொது மருத்துவராக இருந்த ஜேம்ஸ் மெக்கன்சி, மணிக்கட்டு நாடியின் அசைவையும் கழுத்துச் சிரையின் அசைவையும் ஒரே தாளில் பதியும் கருவியை உருவாக்கினார். பதிவு செய்ததோடு விடாமல், அதே நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் கவனித்துவந்தார். நாடி இடறியபடியே நெடுநாள் நலமாக வாழ்ந்தவர்களை அவர் கண்டார். எந்தச் சீர்கேடு ஆபத்தானது, எது அல்ல என்று பிரித்தறியும் வழி அப்போது திறந்தது. வில்லம் ஐந்தோவனின் இ.சி.ஜி. அதைத் துல்லியமாக்கியது, 1924இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

இ.சி.ஜி.யில் ஒரு குறை இருந்தது. வழக்கமாக எடுக்கப்படும் பதிவு பத்து நொடிகளுக்கானது. ஒரு லட்சம் துடிப்பில் பன்னிரண்டு, பதின்மூன்றைத்தான் அது பிடிக்கும். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர் உருவாக்கிய, உடலோடு அணிந்துகொள்ளும் பதிவுக் கருவி அந்தக் குறையைப் போக்கியது. 1940களின் இறுதியில் அவர் செய்த முதல் கருவியை முதுகில் சுமக்க வேண்டியிருந்தது. எடை சுமார் 38 கிலோ. இன்று அது சட்டைப்பைக்குள் அடங்குகிறது.

நாள் முழுவதும் பதிவு செய்ய முடிந்ததும், ஆரோக்கியமானவர்களின் இதயமும் இடறுவது வெளிச்சத்துக்கு வந்தது. முந்துதுடிப்புகள் அடிக்கடியும் சிக்கலான வடிவிலும் வந்த, ஆனால் அறிகுறியோ இதய நோயோ இல்லாத 73 பேரைச் சராசரியாக ஆறரை ஆண்டுகள் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 1985இல் வெளியானது. அவர்களின் ஆயுள் வாய்ப்பு, ஆரோக்கியமான பொதுமக்களுடையதைப் போலவே இருந்தது.

துடிப்பை மருந்தால் அடக்கினால் உயிர் காக்கப்படும் என்ற நம்பிக்கையும் அதே காலத்தில் சோதனைக்கு வந்தது. மாரடைப்புக்கு ஆளாகி, அதன்பின் முந்துதுடிப்புகள் இருந்தவர்களிடம் ‘காஸ்ட்’ என்ற பெரிய ஆய்வு அமெரிக்காவில் நடத்தப்பட்டது. ஃபிளெகெய்னைடு, என்கெய்னைடு என்ற மருந்துகள் முந்துதுடிப்புகளைத் திறம்பட அடக்கின. ஆனால், அவற்றை உட்கொண்ட 755 பேரில் 63 பேர் இறந்தனர்; வெற்று மாத்திரை பெற்ற 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர். மருந்து தரப்பட்டவர்களில் இறப்பு கூடியது கண்டு ஆய்வின் அந்தப் பகுதி நிறுத்தப்பட்டது. முழு முடிவுகள் 1991இல் வெளியாயின. முந்துதுடிப்பை ஒழிப்பதும் உயிரைக் காப்பதும் ஒன்றல்ல என்று அந்த ஆய்வு கற்றுக்கொடுத்தது. தொந்தரவில்லாத முந்துதுடிப்புக்கு மருத்துவர்கள் மருந்து எழுதத் தயங்குவது அக்கறைக் குறைவால் அல்ல.

எவை கிளப்பிவிடுகின்றன

தூக்கமின்மை, மன அழுத்தம், மது, புகை, காய்ச்சல் ஆகியவை முந்துதுடிப்பைக் கூட்டக்கூடியவை. ரத்தசோகையும் தைராய்டு மிகைச்சுரப்பும் நெஞ்சுப் படபடப்புக்கு முக்கியமான காரணங்கள். இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. எனவே, படபடப்பு என்று வரும் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் பார்ப்பது முதல் வேலை. வயிற்றுப்போக்காலோ நீர் பிரியத் தரும் மாத்திரைகளாலோ பொட்டாசியம் குறைந்தாலும் துடிப்பு இடறும். ஆஸ்துமாவுக்கான சில இன்ஹேலர்கள், மூக்கடைப்புக்கான சில மாத்திரைகள் ஆகியவற்றாலும் படபடப்பு வரலாம். கர்ப்ப காலத்திலும் மாதவிடாய் நிற்கும் வயதிலும் இது கூடுவது உண்டு.

காபியைப் பற்றிய அச்சத்துக்கு ஓரளவே அடிப்படை இருக்கிறது. 100 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வில், காபி குடித்த நாள்களில் மேலறை முந்துதுடிப்புகள் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. கீழறை முந்துதுடிப்புகள் நாளுக்கு 102இலிருந்து 154 ஆயின; தூக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. காபியால் படபடப்பு கூடுவதாக உணர்பவர் அதைக் குறைத்துப் பார்க்கலாம். காலை ஃபில்டர் காபியை எல்லோரும் கைவிட வேண்டிய அவசியமில்லை.

இரவில் படுத்ததும் இடறல் அதிகமாகத் தெரிவதாகப் பலர் சொல்வார்கள். நாடி தணியும்போது முந்துதுடிப்புக்கு இடம் கிடைக்கிறது. சுற்றிலும் சத்தம் அடங்கிவிடுகிறது. இடப்பக்கம் ஒருக்களித்தால் இதயம் நெஞ்சுச் சுவரோடு நெருங்குகிறது. பகலில் கவனத்துக்கு வராதது அப்போது வருகிறது.

எப்போது கவலைப்பட வேண்டும்

ஆபத்தில்லாதது என்ற முடிவைப் பரிசோதனைக்குப் பின் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். படபடப்போடு மயக்கம் வருவது, உடலை வருத்தி வேலை செய்யும்போதோ ஓடும்போதோ படபடப்பு கூடுவது, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஏற்கெனவே இதய நோய் இருப்பது, குடும்பத்தில் இளவயதில் யாரேனும் திடீரென்று இறந்திருப்பது ஆகிய ஆறும் எச்சரிக்கைக் குறிகள். இவற்றில் ஒன்று இருந்தாலும் இதய மருத்துவரைத் தாமதமின்றிப் பார்க்க வேண்டும். நெஞ்சுவலியோ மயக்கமோ அப்போதே இருந்தால் 108ஐ அழைப்பதே சரி.

முந்துதுடிப்பிலிருந்து வேறுபட்ட படபடப்புகளும் உண்டு. மின்விசையைத் தட்டியதுபோல் திடீரென்று தொடங்கி, நிமிடத்துக்கு 150, 200 என்று சீராக ஓடி, அதேபோல் திடீரென்று நிற்பது ஒருவகை. எந்த ஒழுங்கும் இல்லாமல் நாடி தொடர்ந்து தாறுமாறாக ஓடுவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம். வயதானவர்களிடம் அது பக்கவாதத்துக்கு வழிவகுக்கக்கூடியது. இவ்விரண்டுக்கும் தனிச் சிகிச்சை உண்டு.

பெரும்பாலோருக்கு இ.சி.ஜி., எக்கோ, ரத்தப் பரிசோதனைகள், தேவைப்பட்டால் ஹோல்டர், ட்ரெட்மில் ஆகியவை போதும். ஹோல்டர் அணியும் நாளில் மார்பில் மின்முனைகளை ஒட்டி, இடுப்பில் கருவியை மாட்டி, ஒரு குறிப்புத்தாளையும் கையில் தருவார்கள். குளிக்கக் கூடாது, மற்றபடி வழக்கமான வேலைகளைச் செய்யலாம். படபடப்பு வந்த நேரத்தைக் குறிப்புத்தாளில் எழுதிவைக்க வேண்டும். பதிவையும் குறிப்பையும் ஒப்பிடும்போது இரண்டு உண்மைகள் வெளிவருவது வழக்கம். இதயம் இடறிய பல நேரங்களில் அணிந்திருந்தவர் ஒன்றையும் உணர்ந்திருக்கமாட்டார். ‘படபடப்பு’ என்று அவர் எழுதிய சில நேரங்களில் துடிப்பு முழுச் சீராக இருந்திருக்கும்.

அறிக்கையில் வரும் எண்கள்தான் பலரை நிலைகுலைய வைக்கின்றன. ‘வி.பி.சி. 1,200’ என்று பார்த்ததும் உயிர் போய்விடும்போல் இருக்கும். ஒரு லட்சத்தில் 1,200 என்பது 1.2 சதவீதம். மொத்தத் துடிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டி ஆண்டுக்கணக்கில் நீடித்தால், சிலருக்கு இதயத் தசை பலவீனமடையலாம். அத்தகையவர்களுக்கு அவ்வப்போது எக்கோ பார்ப்பார்கள்; மருந்தோ, முந்துதுடிப்பு கிளம்பும் இடத்தைக் கதீட்டர் மூலம் செயலிழக்கச் செய்யும் அப்ளேஷன் சிகிச்சையோ தருவார்கள். துடிப்பு சீரானதும் தசை பெரும்பாலும் தேறிவிடுகிறது.

பயத்தின் சுழற்சி

இதயம் நலமாக இருந்தும் பயம் நீடிப்பது ஏன் என்ற கேள்வி புதிதல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஈடுபட்ட வீரர்களிடம், காணக்கூடிய இதய நோய் இல்லாமலே படபடப்பும் நெஞ்சுவலியும் இருந்ததை ஜேக்கப் டா கோஸ்டா 1871இல் விரிவாக எழுதினார். முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் மருத்துவர் தாமஸ் லூயிஸ் அதே நிலையை ஆயிரக்கணக்கான வீரர்களிடம் கண்டார். படபடப்போடு வந்த 190 பேரை ஆராய்ந்து அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கிலிருந்து 1996இல் வெளியான ஆய்வில், 43 சதவீதம் பேருக்கு இதயமும் 31 சதவீதம் பேருக்கு மனப்பதற்றம் போன்ற உளவியல் நிலைகளும் காரணங்களாக இருந்தன.

பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் முன்வைத்த விளக்கம் இதன் இயக்கத்தைப் புரியவைக்கிறது. உடலில் ஓர் உணர்வு தோன்றுகிறது. அதை உயிராபத்து என்று மனம் எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, நாடி விரைகிறது, இதயத்தின் மின்தூண்டல் இன்னும் எளிதில் கிளம்புகிறது. இடறல் கூடுகிறது. ‘நினைத்தது சரிதான்’ என்று பயம் உறுதிப்படுகிறது. முந்துதுடிப்பு பயத்தைத் தருகிறது. பயம் முந்துதுடிப்பைத் தருகிறது.

பயத்தைத் தணிக்க மனிதர்கள் கையாளும் வழிகளே சுழற்சியை நீட்டிக்கின்றன. மணிக்கொரு தடவை நாடி பார்ப்பார்கள், மாடிப்படி ஏறமாட்டார்கள், வீட்டில் தனியாக இருக்கமாட்டார்கள், மருத்துவமனை பக்கத்தில் இல்லாத ஊருக்குப் போகமாட்டார்கள். நாடியிலேயே கவனம் இருப்பதால், முன்பு தெரியாமல் போன இடறல்களும் தெரியத் தொடங்கும். நடக்காமலும் ஓடாமலும் உடல் தளர்ந்துபோவதால், நாலு படி ஏறினாலே நாடி எகிறும். விபரீதம் எதுவும் நடக்காததற்கு எச்சரிக்கையாக இருந்ததுதான் காரணம் என்று மனம் கணக்குப் போட்டுக்கொள்ளும்.

திரும்பத் திரும்பப் பரிசோதனை செய்வதாலும் பயன் குறைவு. தீவிர நோய்க்கு வாய்ப்புக் குறைவாக உள்ளவர்களிடம் செய்யப்படும் பரிசோதனைகள் அவர்களின் கவலையைக் குறைக்கின்றனவா என்று 14 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அறிக்கை 2013இல் வெளியானது. கவலையும் அறிகுறியும் நீடிப்பதில் அந்தப் பரிசோதனைகளால் பெரிய மாற்றம் ஏற்படவில்லை. சரியாக இருக்கிறது என்ற அறிக்கை தரும் ஆறுதல் அடுத்த இடறல் வரையில்தான் நிற்கிறது.

கைக்கடிகாரங்கள் இதற்குப் புதிய வசதி செய்து கொடுத்திருக்கின்றன. ஆப்பிள் நிறுவனத்தின் கடிகாரத்தைக் கொண்டு 4,19,297 பேரிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வில், 0.52 சதவீதம் பேருக்கே சீரற்ற நாடி குறித்த எச்சரிக்கை வந்தது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைக் கண்டுபிடிப்பதில் இக்கருவிகளுக்குப் பயன் உண்டு. எக்டோபிக்கால் பயந்திருப்பவருக்கு அவை உதவுவது அரிது. மணிக்கட்டில் கட்டிய கருவியில் நாளுக்கு இருபது முறை இ.சி.ஜி. எடுப்பதும் விரலால் இருபது முறை நாடி பார்ப்பதும் ஒரே பழக்கம்தான்.

பயத்தோடு வாழ்வதும் அதிலிருந்து மீள்வதும்

மீட்சியின் முதல் படி, விளக்கம். இடைவெளி ஏன் விழுகிறது, அதன்பின் ஏன் ஓங்கி இடிக்கிறது என்று புரிந்துகொண்டவருக்கு அடுத்த இடறல் பழைய மிரட்டலோடு வராது. இரண்டாம் படி, சோதித்துப் பார்க்கும் பழக்கத்தை விடுவது. முதலில் நாளுக்கு ஒருமுறை என்று குறைத்து, பிறகு முழுதும் நிறுத்தலாம். இணையத்தில் அறிகுறிகளைத் தேடுவதற்கும் இதே விதி.

மூன்றாம் படி, உடலை மீண்டும் இயக்குவது. ஆபத்தில்லாத முந்துதுடிப்பு, வேகமாக நடக்கும்போது பெரும்பாலும் மறைந்துவிடும். நடை முடிந்து நாடி தணியும்போது மீண்டும் தலைகாட்டலாம். மருத்துவரின் ஒப்புதலோடு நடைப்பயிற்சியைத் தொடங்கி வேகத்தைக் கூட்டுபவர், தன் இதயம் உழைப்பைத் தாங்குவதை நேரடியாகக் காண்கிறார். எந்த அறிக்கையும் தராத தைரியம் அது. இடறல் வரும்போது செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தாமல் தொடர்வதும் இதன் பகுதியே.

இவற்றைத் தனியாகச் செய்ய முடியாதவர்களுக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை உதவுகிறது. இதயம் சாராத நெஞ்சுவலியும் ஆபத்தில்லாத படபடப்பும் கொண்டவர்களுக்கு நார்வேயில் மூன்றே அமர்வுகளில் இதை அளித்துப் பார்த்தார்கள். பயந்து தவிர்த்துவந்த உடலுழைப்பை மீண்டும் செய்ய வைப்பதும் அதில் இடம்பெற்றது. 2011இல் வெளியான முடிவுகளின்படி, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட இவர்களின் பயம் குறைந்தது. தொந்தரவு அதிகமானால் மருத்துவர் பீட்டா பிளாக்கர் மாத்திரை தரக்கூடும். பதற்றமோ மனச்சோர்வோ சேர்ந்திருந்தால் மனநல மருத்துவரின் சிகிச்சை வேண்டும். ‘டெலி மானஸ்’ என்ற அரசின் மனநல உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம்.

குடும்பத்தினர் இரண்டு தவறுகளைத் தவிர்க்க வேண்டும். ‘எல்லாம் உன் மனப்பிரமை’ என்று தள்ளிவிடுவது ஒன்று. துடிப்பு உண்மையாகவே இடறுகிறது, அதில் பிரமை எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் பதறிப்போய் ஆட்டோ பிடிப்பது மற்றொன்று. பயத்துக்கு அது சாட்சி சொல்வதாகிவிடும்.

மருத்துவர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. ஒரு நிமிடத்தில் ‘ஒன்றுமில்லை, போங்கள்’ என்று அனுப்பப்படுபவர் அடுத்த வாரம் இன்னொரு மருத்துவமனையில் இன்னொரு எக்கோ எடுப்பார். அவரிடம் இருப்பது என்ன, அது ஏன் ஆபத்தில்லை, எது நடந்தால் மட்டும் திரும்பி வர வேண்டும் என்ற மூன்றையும் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் பெரும் செலவும் அலைச்சலும் மிச்சமாகும். ஹோல்டர் அறிக்கையில் எண்ணோடு சதவீதத்தையும், அதன் பொருளை ஒரு வரியிலும் சேர்ப்பது கடினமல்ல. ‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’ முடிவில் வரும் ஒற்றை வி.பி.சி.யைக் காட்டி ஆண்டுதோறும் பரிசோதனைக்கு அழைப்பது மருத்துவ நெறிக்கு ஏற்றதல்ல.

முறையாக ஒருமுறை பரிசோதித்து, இதயம் நலமென்று உறுதியானவர், வழக்கமான இடறல்களுக்காகப் பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. மயக்கம், உழைக்கும்போது கூடும் படபடப்பு, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், நிற்காமல் ஓடும் நாடி ஆகியவற்றில் ஏதாவது புதிதாக வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். முந்துதுடிப்பு அதிக சதவீதத்தில் இருப்பவர்கள் மருத்துவர் குறித்த நாளில் எக்கோ பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் தூக்கத்தையும் நடைப்பயிற்சியையும் ஒழுங்காகக் கடைப்பிடித்து, அவரவர் வேலையைப் பார்க்கலாம்.